சுவரைத் தாண்டிய தண்ணீர்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். ஃபோனில் அம்மா உன்னிடம் கொஞ்சம் தண்ணி வந்துச்சு, வடிஞ்சிடுச்சு என்று சொல்லி முடித்துவிட்டாளாம். நடந்தது அவ்வளவு சின்ன விஷயமில்லை. உள்ளபடி எழுதுகிறேன், பதறாமல் படி.

போன செவ்வாய்க்கிழமை புயல் வருமென்று வானொலியில் சொன்னார்கள். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கூரைத் தகடெல்லாம் பறந்ததே, அந்தப் புயலின் வேகத்தில் இது பாதிகூட இல்லை. அன்றைக்கே தண்ணீர் தெருக்கோடியிலுள்ள கடல் தடுப்புச் சுவரைத் தாண்டவில்லை. காலையில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து, சார், நாங்க கிளம்பணுமா, இவரைத் தூக்கிக்கிட்டு எங்க போறது என்று கேட்டார். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து கை கால் விழுந்து இரண்டு வருஷமாகிறது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கடல்மட்டம் பார்த்து எழுதினவன் என்ற தைரியத்தில், அந்தப் புயலுக்கே வராத தண்ணி இதுக்கா வரப்போகுது, பேசாம இருங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன வருஷம் நம் தெருவை மேட்டுப்பக்கம் மாற்றலாமென்று அதிகாரிகள் வந்தபோது, வேண்டாமென்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவனும் நான்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு அன்றாடக் கடல் ஏற்றமும் புயலும் ஒன்றாகச் சேர்ந்தன. முதலில் சுவர்மேல் நுரைதான் விழுந்தது, பிறகு சுவரே கண்ணுக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் முழங்கால் அளவு. எதிர்வீடு பள்ளம், அங்கே இடுப்புக்கு மேல். அலை தள்ளிய மணல் அவர்கள் கதவை வெளியிலிருந்து அடைத்துவிட்டது. அந்தம்மா துணி வெட்டும் மேஜைமேல் கணவரைக் கிடத்தி, தலையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நின்றார். பக்கத்து வெல்டிங்காரர் இரும்பு அறுக்கும் வாளோடு ஓடிவந்தார். கரண்ட் இல்லை, கையால்தான் அறுக்க வேண்டும். நானும் அவரும் மாற்றி மாற்றி ஜன்னல் கம்பி மூன்றை அறுத்து அவர்கள் இருவரையும் வெளியே இழுக்க ஒரு மணி நேரமாயிற்று. கணவர் மார்பில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். இரண்டு தையல் மெஷினும் போயின.

தண்ணீர் வடிந்ததும் என் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். நான் வேலை பார்த்த காலத்தில் மட்டும் சராசரிக் கடல்மட்டம் நான்கு அங்குலம் ஏறியிருக்கிறது. எல்லாம் என் கையெழுத்துதான். வருஷத்துக்கு அரைக்கால் அங்குலம் என்று எழுதிவிட்டு மூடிவைத்திருக்கிறேன். பூமி சூடாகிக் கடல் ஏற ஏற, கரையோரம் ஆழம் கூடுகிறது, முன்பு தூரத்திலேயே உடைந்த அலை இப்போது உடையாமல் சுவர்வரை வருகிறது. சின்னப் புயலே போதும். இதைக் கணக்குப் போடத் தெரிந்த ஒரே ஆள் இந்தத் தெருவில் நான்தான், நான் போடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய், தப்பு என்னுதும்மா என்றேன். அந்தம்மா சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்க பொய் சொல்லல சார், ஆனா உங்க பேச்சைக் கேட்டுத்தான் நான் கிளம்பல என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாயங்காலம்வரை அவர் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கையெழுத்து வாங்கின பதினெட்டு வீட்டுக்கும் போய், நான் சொன்னது தப்பு, மேட்டுக்குப் போயிடலாம் என்றேன். டீக்கடைக்காரர், அப்ப சொன்னது நிஜமா, இப்ப சொல்றது நிஜமா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்ப சொன்னது பழைய கடலுக்கு என்றேன். பதினான்கு வீடு சம்மதித்திருக்கிறது. டீக்கடைக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவரிடம் தினமும் போய்க்கொண்டிருக்கிறேன். அம்மா முதலில் அழுதாள், இப்போது பாத்திரங்களைக் கட்டிவைத்துவிட்டாள்.

உங்கள் ஊரும் கடலோரம்தான். புயல் எச்சரிக்கை வந்தால் இதுவரை தண்ணீர் வந்ததில்லை என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கேட்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடு. எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் இருங்கள். மேட்டுப்பக்கம் இப்போதைக்கு ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறேன், பதிலை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும் அந்தப் புது விலாசத்துக்குப் போடு. இந்த வீட்டுக்கு இனி எழுத வேண்டாம்.

என்றும் உன் நினைவில்,
அப்பா