ஹிந்தி என்றால் வேண்டாம்

இன்று காலை மகளின் கல்யாணப் புடவையை வைக்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில் நீ கொடுத்த பச்சைத் தைலக் குப்பி. மூடி கசிந்து, துணியெல்லாம் உன் வாசனை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று உன் தங்கை போனில் அழுதபோதும் இந்த வாசனைதான் முதலில் வந்தது.

குவைத்தில் ஒரே வீட்டில் எனக்குச் சமையல், உனக்குப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. உனக்கு இருபத்திநாலு வயசு. நீ பிலிப்பைன்ஸ், நான் சிதம்பரம், நடுவில் அரைகுறை இங்கிலீஷ். அக்காவுக்கு உங்கள் ஊரில் 'ஆத்தே'வாம். நீ கூப்பிடும்போதெல்லாம் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடி வருவேன்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே போனில் "ஹிந்தி, ஹிந்தி" என்று கத்தினாய்.

"ஹிந்தியில பேசச் சொல்றானா? எனக்கும் தெரியாதும்மா. எங்க ஊர்ல அதுக்குச் சண்டையே நடந்திருக்கு" என்றேன்.

அழுத கண்ணோடு சிரித்தாய். "ஆத்தே, எங்க பாஷையில ஹிந்தின்னா வேண்டாம்!"

கட்டிக்கப் போகிறவன் ரூமுக்குக் கூப்பிட்டானாம். ஆசை இருந்தால் வருவாய் என்றானாம். கல்யாணத்துக்கு முன்னால் கெட்டவளை மாதாகூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள் என்று சொல்லி வளர்த்தவளாம் உன் அம்மா. "அவன் வான்னு சொல்றான், அம்மா கூடாதுங்குறாங்க. உடம்பு என்னுது. என்னை யாரு கேட்டா?" என்றாய். மேடம் காதில் விழுமோ என்று உன் வாயைப் பொத்தினேன். என் கல்யாணத்தில் என்னையும் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அவனை விட்டுவிட்டாய். பிறகு உனக்குப் பிடித்த ஒருத்தனிடம், மோதிரம் மாற்றும் முன்பே, நீயாகப் போனாய். "இப்ப வேணும்னு நான்தான் சொன்னேன் ஆத்தே" என்றாய், கண்ணைத் தாழ்த்தாமல். நான் குழம்பில் உப்பை ரெண்டு தரம் போட்டேன்.

மகளுக்குக் குமராட்சியில் மாப்பிள்ளை. நிச்சயம் முடிந்தது. பிச்சாவரத்தில் படகில் போகலாம் என்று அழைத்துப் போனவன், இப்போது கடலூரில் ரூம் போட்டிருக்கேன் வா என்கிறான். வராவிட்டால் கல்யாணம் இல்லை என்கிறான். போனால் ஊர் பேசும். போகாமல் கல்யாணம் நின்றாலும் இவள்மேல்தான் குறை சொல்வார்கள். அப்பா இல்லாத பெண்.

குப்பியோடு உட்கார்ந்திருந்தபோதே அவள் போன் அடித்தது. உன் கதையை எப்போதோ சிரிப்புக்காகச் சொல்லியிருந்தேன்.

"ஹிந்தி" என்றாள். அவன் என்ன கேட்டானோ. "புரியலையா? வேணாங்க. எனக்கு இஷ்டமில்ல." வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கல்யாணம் நின்னுட்டா, அம்மா?"

தைலத்தை எடுத்து அவள் நெற்றியில் தடவினேன்.

"நின்னா நிக்கட்டும்டி."

அவன் வீட்டிலிருந்து இன்னும் ஒரு போனும் இல்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே திடுக்கென்கிறது. உன் வாசனை உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது. இந்தக் கையால் அவள் வாயை நான் பொத்தவில்லை, தங்கச்சி.