வெந்த சுவருக்கு அப்பால் பதினொருவர்

நலமே சூழ்க. ஏழு பள்ளத்தாக்குகளுக்கும் நிழலாய் நின்று, ஆறுகள் வற்றாமலும் சூளைகள் அணையாமலும் வெண்குன்ற நாட்டை ஆளும் மாதேவியார் அல்லியங்கோதையாரின் திருமுன்பு, கார்க்கோட்டு நாட்டின் எல்லைக்கோட்டை அமைச்சன் இருங்கோட்டுத் தத்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவியாரின் குடிகளுக்கும் கன்றுகாலிகளுக்கும் குறைவொன்றும் வாராதிருக்க. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எல்லைக் கதவை அடைத்த நாளில் தேவியாரைச் சபை நடுவே வாய்க்கு வந்தபடி ஏசியவன் இதே தத்தன்தான். அந்த வாயிலிருந்து இன்று வாழ்த்து வருவதைக் கண்டு சிரிப்பு வந்தால் சிரித்தருள்க. ஓலையை மட்டும் பாதியில் கீழே வைத்துவிட வேண்டாம்.

செய்தி இதுவே. எல்லை மலையின் வயிற்றுக்குள் பதினொரு கல்லுடைப்போர் மூன்று நாளாக உயிரோடு அகப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் இடம் தேவியாரின் நிலத்துக்கு அடியில்.

அங்கே அவர்கள் போனது எதற்கு என்பதை மறைத்து உதவி கேட்பது கூடாது என்று தத்தன் எண்ணுகிறான். கல்தேர்வோன் நன்னாகன் என்பவன் இரண்டு ஆண்டுகளாக எங்கள் ஓடைகளின் மணலை மரவைத் தட்டில் இட்டு அலசி, அடியில் தங்கும் வெள்ளைப் பொடியைத் தொடர்ந்து மேலேறி வந்தான். பால் நிறம், பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் எலுமிச்சை அளவுத் துண்டைக் கையில் வாங்கினால் மணிக்கட்டு இறங்கிவிடும். எங்கள் கொல்லர்கள் அதை உலையில் இரும்போடு சேர்த்து அடித்த வாள், கருங்கல்லில் மோதியும் முனை மழுங்கவில்லை. எங்கள் கருங்கல்லும் தங்கள் வெண்கல்லும் ஒன்றையொன்று தொடுகின்ற இடத்தில்தான், செந்நிறமும் பச்சையுமாகப் பழங்காலத்து நெருப்பில் வெந்த ஒரு பட்டைக்குள், அக்கல் கிடக்கிறது. அந்தப் பட்டை தங்கள் பக்கமாகவே சரிந்து இறங்குகிறது. எங்கள் மன்னர் கடுமான் சேந்தனார் அதைத் தொடர்ந்து தோண்டச் சொன்னார். வாள் யாருக்கெதிராக என்று தேவியார் கேட்க வேண்டியதில்லை; தேவியாருக்கெதிராகவே.

இனித் தத்தனின் பிழை. எங்கள் நாடு முழுவதும் கருங்கல். பாறையைப் பிளக்க விறகை அடுக்கித் தீமூட்டி, சூடு ஆறுமுன் தண்ணீரை வீசுவோம்; பாறை வெடித்துப் பாளம் பாளமாக உதிரும். சுட்ட சுவருக்குத் தண்ணீர் காட்டும் வரை அதைத் தாண்டி ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்பது கல்லுடைப்போரின் முறை. வண்டி போகும்படி சுரங்க வாயை அகலமாக்க மன்னர் அவசரப்படுத்தியதால், இரவெல்லாம் வலப்பக்கச் சுவரைச் சுட்டோம். விடிந்ததும், அரைநாள் வேலை வீணாகிறதே என்று, சுவருக்குத் தண்ணீர் காட்டும் முன்பே பதினொருவரையும் உள்ளே அனுப்பியவன் தத்தன். அவர்கள் தலைவன் கொற்றி வாசலில் நின்று, முறை தவறுகிறது ஐயா என்று ஒரு தடவை சொன்னான். தத்தன் கையை வீசினான். கொற்றி போனான்.

சுட்ட சுவர் கருங்கல் அன்று, வெண்கல். தங்கள் வண்டிகள் கொணர்ந்த காலத்தில் சுண்ணாம்பை வெற்றிலையில் தடவினோமே தவிர, அது எந்தக் கல் வெந்து வருவது என்று எங்களில் ஒருவனும் பார்த்ததில்லை. அவர்கள் உள்ளே போன பின் நாங்கள் வீசிய தண்ணீர் பட்டதும் சுவர் பிளக்கவில்லை; பொங்கியது. சீறிக்கொண்டு கொதித்து, பருத்து, முட்டுக்கால்களைத் தள்ளி, கூரையை இறக்கிவிட்டது. குவியலைத் தோண்டப் போன நால்வருக்குக் கைத்தோல் உரிந்துவிட்டது. தோண்டத் தோண்ட மேலிருந்து சரிகிறது. மழைக்காலம் தலைக்கு மேல் நிற்கிறது. ஈரம் இறங்கினால் குவியல் முழுவதும் மறுபடி கொதிக்கும்.

ஒரு விரல் போகும் வெடிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் வழியே கொற்றி பேசியதை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதும்படி தத்தன் எழுத்தனைப் பணித்தான்: "தண்ணி மட்டும் இனிமே ஊத்தாதீங்கய்யா. ரெண்டு பேருக்குக் கண்ணு தெரியல. பின்னால ஒரு பிளவு இருக்கு, அதுல காத்து வருது. சூளைப் புகை வாசம் அடிக்குது. யாரோ பக்கத்துலதான் இருக்காங்க."

பக்கத்தில் இருப்பது தங்கள் குடிகள், தேவியாரே. அந்தச் சரிவில் எங்களுக்குச் சூளை இல்லை.

இச்செய்தியை மன்னருக்கு விடுத்ததற்கு நேற்று மறுமொழி வந்தது. சுரங்க வாயை மண்ணிட்டு அடைக்குமாறும், பகைநாட்டுக்கு மூச்சு விடாதிருக்குமாறும், பதினொருவர்க்கும் நடுகல் நாட்டுமாறும் ஆணை. பேசிக்கொண்டிருப்பவனுக்கு எப்படிக் கல் வெட்டுவது என்று கல்லுடைப்போர் உளியைத் தத்தனின் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த உளிகளைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் முழுவதும் தத்தன் சும்மா உட்கார்ந்திருந்தான் என்பதையும் எழுத வேண்டும். அந்த ஒருநாளில் உள்ளே ஒருவன் இறந்தானோ என்னவோ, கொற்றி சொல்ல மறுக்கிறான்.

ஆகவே தத்தன் கெஞ்சுகிறான். வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை. வெந்த கல்லின் குணம் அறிந்த தங்கள் சூளைக்காரரையும் வெண்கல் வெட்டுவோரையும், புகை இறங்கும் பிளவைத் தேடி அந்தப் பக்கத்திலிருந்து திறக்க அனுப்பியருள்க. கொதிக்கும் குவியலை எப்படி ஆற்றுவது என்று சொல்ல ஒருவரையேனும் எங்கள் பக்கம் விடுத்தருள்க. ஓலை கொணரும் நன்னாகனுக்கு அந்தப் பட்டையின் ஒவ்வொரு வளைவும் தெரியும்; அவன் தேவியாருக்கு எல்லாவற்றையும் காட்டுவான். கல் முழுவதும் தங்களுக்கே. வாள் செய்தாலும் செய்க, எங்கள் மேல் ஓங்கினாலும் ஓங்குக. அதற்குள் இவர்கள் வெளியே வந்திருக்க வேண்டும், அவ்வளவே.

இவ்வோலையில் கார்க்கோட்டு அரச முத்திரை இல்லை. இருங்கோட்டுத் தத்தனின் கணையாழி மட்டும் பதிந்துள்ளது. அதற்கு உரிய தண்டனையும் அவன் ஒருவனுக்கே. மேகம் திரண்டு நிற்கும் ஆவணித் திங்கள், இறங்குபொழுதில் எழுதி முடிந்தது.

எல்லைக் காவலர்க்கு இட்ட ஆணை, தேவியாரும் அறியும்படி: இவ்வோலை புறப்பட்ட நொடியிலிருந்து கதவு திறந்தே கிடக்க. கடப்பாரையோடு வருகிறவரை எவனும் ஊர் கேட்டு நிறுத்தக் கூடாது. பதினொருவரில் எவர், எந்தப் பக்கமாக வெளியே வந்தாலும், கண்ணைத் துணியால் மூடி, முதலில் கஞ்சி கொடுக்க. எந்த நாட்டான் என்பதைப் பிறகு கேட்கலாம்.