அக்காவுக்கு ஒரு தனி அடுப்பு

அனுப்புநர்:
அடுப்பு ரிப்பேர்க்காரர்,
சந்தின் கடைசி வீடு (முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடும்பம்).

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
உதவித்தொகைப் பிரிவு,
இரண்டாம் மாடி (லிப்ட் ஓடும் நாட்களில்).

பொருள்: பார்வையற்ற என் அக்கா தாமே அடுப்புப் பற்றவைத்த சாதனையைப் பாராட்டி, அவரைக் கவனித்துவரும் என் மனைவியின் பராமரிப்புத் தொகை ரத்து செய்யப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் குடும்பத்தின் வருமானத்தைப் பெருக்கத் தங்கள் அலுவலகம் காட்டிவரும் அக்கறைக்கு முதற்கண் நன்றி. அந்த அக்கறை கொஞ்சம் குறைந்தால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்பதே இம்மனுவின் சுருக்கம். தங்களுக்கு அவசர வேலை இருந்தால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். விவரம் வேண்டுமெனில் கீழே எழுதியுள்ளேன்.

நான் கேஸ் அடுப்பும் பம்ப் அடுப்பும் பழுது பார்ப்பவன். கணவரை இழந்த என் அக்கா எங்களோடு இருக்கிறார். சர்க்கரை நோயில் அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சொல்வார். எதிரில் நிற்பது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். என் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவை நானும் அவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். கஷ்டம் இருந்தது, குழப்பம் இருக்கவில்லை.

அப்போதுதான் தாங்கள் "திட்டங்களை இணைப்போம், வருமானம் பெருக்குவோம்" என்று கூட்டம் போட்டீர்கள். நாங்களாகப் போகவில்லை; வீடு தேடி வந்து அழைத்தார்கள். தங்கள் ஆலோசகர் அம்மையார் திரையில் படம் காட்டி விளக்கினார். ஒரே வீட்டில் மூன்று உதவிகளைச் சட்டப்படியே வாங்கலாமாம்: எனக்குக் குறைந்த வருமானக் குடும்ப உதவி, அக்காவுக்குத் தனித்து வாழும் பெண் உதவி, அக்காவைக் கவனிப்பதற்காக என் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை. "இதை வாங்காம விடுறவங்க ஏமாளிங்க" என்று மைக்கிலேயே சொன்னார். என் மனைவி என் காதருகே, "கேக்காமலே குடுக்குறாங்கன்னா எங்கயோ இடிக்குதுங்க" என்றார். பெண்புத்தி பின்புத்தி என்று சொன்னவர் யாரோ, அவரை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

பராமரிப்புத் தொகை வாங்குபவர் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. மனைவி சலவைக் கடை வேலையை விட்டார். தனித்து வாழும் பெண்ணுக்குத் தனி அடுப்பு இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஓர் அடுப்பு என்றால் ஒரு குடும்பம் என்பது தங்கள் துறையின் கணக்கு. அடுப்புக்கா என் வீட்டில் பஞ்சம்? ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரோ திரும்பி வராமல் போன ஒற்றை பர்னர் அடுப்பைத் துடைத்து, புது டியூப் மாட்டி, அக்கா அறையின் மூலையில் வைத்தேன். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எனக்குத் தனிக்குடித்தனமா தம்பி?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு தங்கள் கள ஆய்வாளர் வந்தார். அக்காவின் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து என் மனைவி எங்கள் சமையலறையிலிருந்து தட்டில் சோறு போட்டு எடுத்துவந்து அக்காவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டோம். "தனி அடுப்பு உள்ளது, பயன்பாட்டில் இல்லை" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். வெளியே போகும் வழியில் பட்டறையில் அடுக்கியிருந்த அடுப்புகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். "இத்தனை அடுப்பா? மொத்தம் எத்தனை குடும்பம்யா இருக்கீங்க இங்க?" என்றார். "எல்லாம் ரிப்பேருக்கு வந்ததுங்க" என்றேன். நம்பவில்லை.

அக்காவின் உதவி நிறுத்தப்பட்டது. கூடவே, இம்முகவரியில் வசிக்கும் அனைத்துக் குடும்பங்களும் விசாரணைக்கு வர வேண்டுமென்று ஒரு கடிதமும் வந்தது. அந்தக் குடும்பங்களை அழைத்துவர எனக்கு மறுப்பில்லை. அடுப்பு எங்கே என்று அவர்களே தினமும் வந்து என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விளக்கம் கேட்க நேரில் வந்தேன். அக்கா சமைத்தால்தான் தனித்து வாழும் பெண் என்று நான்காம் கவுண்டரில் சொன்னார்கள். சமைக்க முடிந்தவருக்குப் பராமரிப்புத் தொகை எதற்கு என்று ஐந்தாம் கவுண்டரில் கேட்டார்கள். இரண்டு கவுண்டர்களுக்கும் நடுவில் ஒரு பூந்தொட்டி மட்டுமே இருக்கிறது. என் அக்கா பூந்தொட்டிக்கு இந்தப் பக்கம் சமைக்க வேண்டும், அந்தப் பக்கம் சமைக்கக் கூடாது. ஆறாம் கவுண்டரிலோ, மற்ற இரண்டு உதவிகளும் எங்கள் வருமானமாம், ஆகவே நாங்கள் குறைந்த வருமானக் குடும்பமே இல்லையாம். "அதுல ஒண்ணைத்தான் நிறுத்திட்டீங்களே" என்றேன். "நிறுத்திதான் வெச்சிருக்கோம், ரத்து பண்ணலையே" என்றார் அங்கிருந்தவர். வராத பணத்தில் ஒருவனைப் பணக்காரனாக்கும் வித்தை தங்கள் அலுவலகத்துக்கே கைவந்தது. 'உள்ளதும் போச்சு' என்று தொடங்கும் பழமொழியை, என் அக்காவின் கண்களை முன்னிட்டுப் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீடு சிறியது. நான் புலம்பியதெல்லாம் அக்காவின் காதில் விழுந்தது. "எல்லாம் என்னாலதானே நிக்குது" என்றார். மறு ஆய்வுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோது, அதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அந்த நாள் காலையில் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார், நான் பட்டறையில் இருந்தேன். அக்கா யாரிடமும் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். கேஸைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு லைட்டரைத் தேடியிருக்கிறார். வலது கை விரல்களிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. அடுப்பில் பழுது எதுவும் இல்லை. அதைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், மறுபடியும் கழற்றிப் பார்த்தேன், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாங்கள் மருத்துவமனையில் இருந்தபோது ஆய்வாளர் சொன்ன நாளில் சொன்னபடி வந்திருக்கிறார். அவருடைய நேரந்தவறாமையைப் பாராட்டியே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் நடந்ததைச் சொல்லி அறையைத் திறந்து காட்டியிருக்கிறார். "தனி அடுப்பு பயன்பாட்டில் உள்ளது" என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டு போய்விட்டார். சில நாட்களில் ஒரே உறையில் இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று, அக்காவுக்குத் தனித்து வாழும் பெண் உதவி மீண்டும் வழங்கப்படும். மற்றொன்று, அவர் தாமே சமைக்கும் திறன் பெற்றுவிட்டதால் என் மனைவியின் பராமரிப்புத் தொகை ரத்து. தபால் செலவை மிச்சப்படுத்தியதற்கு நன்றி.

ஐயா, அக்காவுக்குக் கண்தான் இல்லாமல் இருந்தது, இப்போது கையும் இல்லை. வாயில் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. மனைவி மறுபடி இஸ்திரி போடப் போனால் ஊட்டிவிட ஆளில்லை. போகாவிட்டால் ஊட்டச் சோறில்லை. இதற்கு மேல் கிண்டலாக எழுத எனக்கு வரவில்லை.

என் அக்கா தனித்து வாழவில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை தனித்து வாழ விடவும் மாட்டேன். ஆகவே அந்தத் தனி உதவியைத் தங்கள் துறையே வைத்துக்கொள்ளட்டும். பராமரிப்புத் தொகையை ரத்து செய்த ஆணையைத் திரும்பப் பெறவும், 'தாமே சமைக்கும் திறன்' என்ற வார்த்தைகளை அக்காவின் கோப்பிலிருந்து அடித்துவிடவும் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வாளர் இன்னொருமுறை வருவதானால் சாப்பாட்டு நேரத்தில் வரட்டும். முன்கூட்டிச் சொல்ல மட்டும் வேண்டாம்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை, சுவரோரப் பெஞ்சு

இப்படிக்கு,
(ஒப்பம்)
அடுப்பு ரிப்பேர்க்காரர்

குறிப்பு: இம்மனுவில் அக்காவின் கையெழுத்தும் வேண்டுமென்று கவுண்டரில் சொன்னார்கள். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். எங்கே வைப்பதென்று தெரியாமல் காகிதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். என் மனைவிதான் விரலைப் பிடித்து வைத்துவிட்டார். பிறர் உதவியோடு வைத்த ரேகை செல்லாது என்று தாங்கள் கருதினால், அவருக்கு ஆள் துணை வேண்டும் என்பதற்கு அதையே சான்றாக ஏற்றுக்கொள்ளவும்.