வியாழக்கிழமை நியோக்கி

அன்பு மனைவி எர்சிலியாவுக்கு,

இதை நீ படிக்கப்போவதில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

இன்று வியாழன். ரோமில் எல்லா வீட்டிலும்போல நானும் நியோக்கி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்து, நீ இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தேன். சாப்பிட்டுக்கொண்டே பழைய லத்தீன் டீச்சராகிவிட்டாய்.

"ஜுப்பிட்டர் சாமிக்கு லத்தீன்ல யோவிஸ்னும் பேரு. அதனாலதான் இந்தக் கிழமை நமக்கு ஜோவெதி, பிரெஞ்சுக்காரனுக்கு ஜெதி, ஸ்பெயின்காரனுக்கு ஹுவேவெஸ். கும்பிட ஒரு ஆள் இல்ல, பேரை மட்டும் வாராவாரம் கூப்பிடுறாங்க!" என்று நர்ஸிடம் சிரித்தாய். கொஞ்சமும் பிசகவில்லை.

எனக்கு நப்பாசை. என்னைக் காட்டி உன்னிடம் கேட்கச் சொன்னேன் அவளை.

"இவரு யாரு, டீச்சர்?"

"வியாழக்கிழமை சாப்பாடு கொண்டு வர்றவரும்மா. பேரெல்லாம் யாரு கேட்டா?"

தட்டைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக்காரன்