தெளிக்காத பன்னிரண்டு வரிசை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, பெரியப்பா எழுதுவது. நானும் பெரியம்மாவும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும். நீ சோதனைக்கு அனுப்பிய நானோ உரத்தைத் தக்காளி இலை நனையத் தெளித்துவிட்டேன், தெளிப்பான் பிடிக்க என்னைப் போல் கை இந்த வட்டாரத்திலேயே கிடையாது. இலைதான் செடிக்கு அடுப்படி, வெயில்தான் விறகு, உரம் மூச்சுத்துளை வழியாகப் போய் அடுப்பை ஊதிவிடும் என்று நான் விளக்கியதும் பால்காரர், உங்ககிட்ட விஞ்ஞானியே தோத்தான் என்றார். வாயால் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் பார்த்தார்.

பன்னிரண்டு வரிசைக்குத் தெளி, பன்னிரண்டை ஒப்பிட விட்டுவை, லிட்டருக்கு நாலு மில்லி என்றாய். நம் வீட்டுப் பெண் அனுப்பியதில் என்ன கஞ்சத்தனம் என்று பன்னிரண்டு மில்லி ஊற்றினேன். முதல் வாரம் இலை எண்ணெய் தடவியது போல் மின்னியது, இலைப் பச்சையை அளக்க நீ அனுப்பிய கருவி நாற்பத்தாறு காட்டியது, உனக்கு ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். மறுவாரம் இலையோரம் தீய்ந்தது. வெயில் என்று நினைத்தேன், ஆனால் அதே வெயிலில் தெளிக்காத வரிசைகள் பச்சையாக நின்று என்னையே பார்க்கின்றன. தெளித்த வரிசையில் கருவி காட்டியது முப்பத்தொன்பது, முப்பத்திரண்டு, நேற்று இருபத்தாறு. இவற்றுக்கு உனக்கு எழுதியதெல்லாம் அறுபதுக்கு மேல். புது இலை சுண்டுவிரல் அளவோடு நின்றுவிட்டது, பூ காம்போடு உதிர்கிறது. உதிர்கிற சத்தம் கேட்குது என்றேன், இதையாவது கூட்டாம சொல்லுங்க என்றாள் பெரியம்மா. ஆனால் கேட்கிறது.

மிச்சமிருந்த புட்டியைப் பால்காரருக்குக் கொடுத்து என் அளவையே சொல்லியிருந்தேன். இன்று காலை பார்த்தேன், மாட்டுத் தீவனத்துக்கு அவர் விதைத்த சோளத்திலும் இலையோரம் வெளுத்திருக்கிறது. அவரோ எப்போதும் போல் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் என் எண்களை வைத்து நீ அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறாய். போடாதே. உன் பெரியம்மா தினமும் எனக்குத் தெரியாமல் அந்தக் கருவியைப் பார்த்துச் சமையலறை நாட்காட்டியில் குறித்திருக்கிறாள், அந்தத் தாள்களைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அதுதான் நிஜம், பன்னிரண்டு மில்லியையும் சேர்த்து எழுது.

போனில் சொல்லத்தான் மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன், மூன்று முறையும் பயிர் பிரமாதம் என்றே வாயில் வந்தது. இனியும் அப்படித்தான் சொல்வேன், நம்பாதே. நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. இதில் கூட்டல் ஒன்றும் இல்லை.

உன்னை வளர்த்த
பெரியப்பா