ஸ்காட்லாந்துக்காரம்மா கொண்டுவந்த காகிதம்

அக்டோபர் 14, செவ்வாய்

ஸ்காட்லாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா இன்று வீட்டுக்கு வந்தாள். அங்கே பன்னிரண்டு வருஷம் எம்.பி.யாக இருந்தவளாம். போன தேர்தலில் தோற்றுவிட்டாள். தம்பி சேவியர் அந்த ஊர் மீன்பிடிக் கப்பலில்தான் வேலை பார்த்தான். வலையிழுக்கும் வின்ச்சில் மாட்டி வலது கை விரல்கள் போயின. அவனுடைய கவனக்குறைவு என்று எழுதி முதலாளி ஊருக்கு அனுப்பிவிட்டார். நடந்ததைச் சொல்லி அவன் கையெழுத்துப் போட்டால் அங்கே அரசாங்கத்திடம் விசாரணை கேட்பதாகச் சொன்னவள், ஒரு காகிதத்தை நீட்டினாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதலாளி அனுப்பிய ஆளாக இருந்தால்?

"தோத்த பிறகு உங்களுக்கு இதுல என்ன?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டே விட்டேன்.

பதினாறு வயதில் மீன் கம்பெனியில் ஐஸுக்குள் கைவிட்டு மீன் அறுத்தவளாம். அங்கிருந்துதான் கவுன்சிலர் ஆனாளாம். "கப்பல் முதலாளிகளை எதிர்த்துப் பேசினேன், தோற்கடித்தார்கள். ஆரம்பித்ததை முடிக்க வந்தேன்" என்றாள். எங்களுக்கென்றே தயாரித்த கதை மாதிரி இருந்தது.

"வக்கீலிடம் காட்டுங்கள், அவசரமில்லை" என்று காகிதத்தை வைத்துவிட்டுப் போனாள். ஏமாற்ற வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள். இவள் அவசரப்படுத்தாததுதான் உறுத்துகிறது.

சாப்பிடும்போது, "ஏலே, வக்கீல்ட்ட காட்டாம கையெழுத்துப் போட்டுராத" என்றேன்.

சேவியர் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "நீ டம்ளர் கழுவப் போனப்பவே கார் வரைக்கும் ஓடிப்போயி, இடது கையால போட்டுக் குடுத்துட்டேன்க்கா. இத்தன மாசத்துல என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட கேட்டது அவங்க மட்டுந்தான்."

நானும் இதுவரை கேட்டதில்லை.