கூடை வண்டிக்காரனின் அப்பா

ஜனவரி 9, வியாழன்

இன்று மத்தியானம் முழுக்க ஒரு ஸ்புரூஸ் மரத்தில் தொங்கிக்கொண்டு கிடந்தேன். வேலையாக அல்ல. மாட்டிக்கொண்டு.

காலையில் சினூக் காற்று. மலைப்பக்கமிருந்து வெதுவெதுப்பாக இறங்கி, கிளைப் பனியையெல்லாம் உருக்கிவிட்டது. நல்ல நாள் என்று குஷியாக ஏறினேன். கயிறு நனைந்தது. நனையட்டுமே! பட்டுப்போன கிளைகளைக் கழித்து முடிப்பதற்குள் காற்று வடக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்து, எங்கள் கால்கரி மறுபடியும் உறைபனிக் கால்கரி ஆகிவிட்டது. ஈரக் கயிறு உறைந்து கம்பி மாதிரி விறைத்தது. என்னைத் தாங்குகிற முடிச்சு மேலேயும் நகரவில்லை, கீழேயும் வரவில்லை. முப்பது வருஷமாக மரம் ஏறிப் பிழைக்கிறவன், கிறிஸ்துமஸ் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரப் பெண் நல்லவள். "பயப்படாதீங்க, உதவிக்குக் கூப்பிட்டாச்சு!" என்று கீழேயிருந்து கத்தினாள். தீயணைப்பு வண்டி வரும் என்று பார்த்தால், தெருமுனையில் திரும்பியது ஒரு பச்சைக் கூடை வண்டி, ஆளைக் கூடையில் நிறுத்தி மரத்து உயரத்துக்குத் தூக்குகிற லாரி. இந்த ஊரில் எத்தனை மரக் கம்பெனி இருக்கிறது! அவள் கைக்கு அகப்பட்டது என் மகன் கம்பெனிதானா?

ரோமன் கூடையை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஆகஸ்டிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.

"சார், உள்ள வந்து பெல்ட்டைப் போடுங்க."

சார்!

"கயிறு உறைஞ்சு போச்சு," என்றேன்.

"தெரியுது சார்."

தரைக்கு வரும்வரை அவ்வளவுதான். அந்தப் பெண் எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டதற்கு, "வயசானவங்களுக்கு இலவசம் மேடம்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஜனவரி 10

என் மனைவி ஹாலியாவிடம் சொன்னேன். சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். வெளியே வந்து "ஐயோ பாவம்" என்றாள். மறுபடியும் உள்ளே போனாள்.

ஜனவரி 14, செவ்வாய்

ஊருக்கே தெரிந்துவிட்டது. காலையில் ஒரு கிழவர் போன் செய்து, "மரம் வெட்டணும். நீங்க கூடை வண்டியில வர்ற ஆளா, கூடை வண்டி வந்து இறக்கிவிடற ஆளா?" என்றார். இரண்டாவது ஆள் என்றேன். சிரித்து முடித்துவிட்டு வேலையை எனக்கே கொடுத்தார். வாழ்க.

சண்டை எதற்கு என்று இப்போது யோசித்தால் கேவலமாக இருக்கிறது. ரோமனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு பழையபடி ஏற முடியவில்லை. பேங்க் கடனில் கூடை வண்டி வாங்கலாம் என்றான். நான் பத்துப் பேர் முன்னால், "ஏற வக்கில்லாதவனுக்குத்தான் கூடை வேணும்" என்றேன். பேச்சு வாக்கில் வந்துவிட்டது. அவன் கடனையும் வாங்கினான், வண்டியையும் வாங்கினான், தனியாகவும் போனான். பழைய காலண்டர்ப்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி. அதற்கும் வரவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஹாலியா ஒரு தட்டு நிறைய முட்டைக்கோஸ் சுருள் எடுத்துக்கொண்டு ரோமனைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பௌனஸ் பேட்டைல ஹால்வர்சன் அம்மா வீட்டுப் பாப்ளர் மரத்தை எடுக்கப் போறானாம். கண்ணாடி அறைக்கு மேலயே சாய்ஞ்சு நிக்குதாம்."

"அந்தப் பாப்ளரா? உள்ள முழுக்கப் பொத்தல். அதைப் போயா ஒத்துக்கிட்டான்?"

"அவன்கிட்டயே கேளேன்."

"நான் ஏன் கேக்கணும்?"

"அப்ப வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

சாப்பிட்டேன். யோசனை மட்டும் நிற்கவில்லை. அந்தக் கண்ணாடி அறை உடைந்தால் ரோமனை இந்த ஊரில் யார் கூப்பிடுவார்கள்? வண்டியைப் பேங்க் இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று: அந்த வீட்டில் வண்டி மரத்துக்குப் பக்கத்தில் போக ஒரே வழி புல்தரைதான். தரை உறைந்திருந்தால் கல் மாதிரி தாங்கும். சினூக் வந்தால் பாயசம்.

ஜனவரி 27, திங்கள்

தற்செயலாகப் பௌனஸ் பக்கம் நடந்து போனேன். நாயை உலாத்தக் கூட்டிப்போவது போல. எங்களிடம் நாய் இல்லை. பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கினேன்.

மரத்தை நன்றாகப் பார்த்தேன். நாயும் பார்த்தது, அதன் பாணியில்.

புதன்கிழமை ஆரம்பிக்கிறானாம். வியாழக்கிழமை சினூக் என்கிறது ரேடியோ. சில சமயம் பொய் சொல்லும். சொல்லட்டும், சாமி.

ஜனவரி 30, வியாழன்

பொய் சொல்லவில்லை. விடியும்போதே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நானே கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டு என்ன சொல்வது? வானிலையா?

— போன் அடிக்கிறது. அவன்தான்.

ஜனவரி 31, வெள்ளி

பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று போனில், "அப்பா, எங்க இருக்கே?" என்றான்.

"வீட்டுல. தரை இளகிடுச்சா?"

"ஒரு சக்கரம் பாதி இறங்கிடுச்சு. எப்படியோ வண்டியை வெளிய எடுத்துட்டேன். ரெண்டு பெரிய கிளை கண்ணாடி மேலயே நிக்குது. பொழுது சாயறதுக்குள்ள பெருங்காத்து வருதாம். யாராவது ஏறணும்."

நான் பூட்ஸைப் போட்டுக்கொண்டேதான் பேசினேன். ஹாலியா வண்டிச் சாவியை என் சட்டைப் பையில் திணித்தாள்.

போனதும் ஒரு ஹெல்மெட்டை நீட்டினான். காதுப்பக்கம் மேலேயும் கீழேயும் பேசிக்கொள்ள ரேடியோ வைத்தது.

"எனக்கு என் தொப்பி போதும்டா."

"என் வேலை, என் சட்டம். போடு."

போட்டேன்.

ஏறினேன். பொத்தல் மரம், ஆணி பூட்ஸ் குத்தும்போதெல்லாம் டொக் டொக் என்று காலி டிரம் மாதிரி சத்தம். ஒவ்வொரு துண்டாகக் கயிற்றில் கட்டி நான் அறுக்க, கீழே மரத்தடியில் கட்டிய இரும்பு உருளையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்து அவன் இறக்கினான். அரை வருஷமாக அப்பா என்று கூப்பிடாத குரல் என் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"இடது கால் சரியா இல்லப்பா."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா மாத்து."

மாற்றினேன்.

கடைசிக் கிளைதான் பெரிய பூதம். அறுத்ததும் அது கண்ணாடிப் பக்கமாகவே ஊசலாடிப் போனது. அப்போது கீழே இருப்பவன் பயந்து கயிற்றை வெடுக்கென்று பிடித்தால், மரமே உதறும்; மேலே இருப்பவன் பல் எல்லாம் ஆடும். அந்தத் தப்பை நானே பல பேருக்குச் செய்திருக்கிறேன். ரோமன் வெடுக்கென்று பிடிக்கவில்லை. ஓடவிட்டான். ஒரு மூச்சு நேரம். பிறகு மெதுவாக, மிக மெதுவாக இறுக்கினான். கிளை கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் மூக்கைத் திருப்பிக்கொண்டு, புல்தரையில் பூனை மாதிரி உட்கார்ந்தது. நான் நின்ற மரம் அசையக்கூட இல்லை.

"அப்பா? சரியா இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். வேலையைப் பாரு."

இறங்கியதும் ஹால்வர்சன் அம்மா காப்பியோடு வந்தார். "உங்க ரெண்டு பேர்ல யாரு முதலாளி?"

ரோமன் என்னைக் காட்டினான். நான் அவனைக் காட்டினேன்.

"அப்ப புல்தரையை நாசம் பண்ணினதுக்கு நான் யாரைத் திட்டறது?"

மறுபடியும் அவன் என்னையும் நான் அவனையும் காட்டினோம். அம்மா இரண்டு பேரையும் திட்டினார். நன்றாகவே திட்டினார். காப்பியும் நன்றாக இருந்தது.

மாலைக்குள் வந்த காற்று எங்கள் தெருக் குப்பைத் தொட்டிகளையெல்லாம் உருட்டிக்கொண்டு போனது. என் தொட்டி மூன்று வீடு தள்ளிக் கிடைத்தது. சிரித்துக்கொண்டே எடுத்து வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பிப்ரவரி 1

உடம்பு முழுக்க வலி. இருமினால் முதுகு பிடிக்கிறது. இருமல் வந்தால் ஹாலியாவை இருமச் சொல்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ரோமன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். ஹாலியா பெரோஹிக் கொழுக்கட்டையை மலை மாதிரி குவித்துவிட்டாள். அவன் தட்டில் வெங்காயம் வதக்கிப் போட்டது, என் தட்டில் சும்மா. கேட்டதற்கு, "நீ தினம் இங்கதானே திங்கற," என்றாள்.

டிவியில் ஐஸ் ஹாக்கி பார்த்தோம். நம் ஆட்கள் தோற்றார்கள். அதைத் திட்டுவதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

பேச்சு எங்கெங்கோ போனது. அந்த வாய்க்கொழுப்பைப் பற்றி நான் ஆரம்பித்தேன். "ரோமா, ஆகஸ்ட்ல நான் சொன்னது..."

"விடுப்பா. அன்னிக்கு அங்க நின்னதே பத்துப் பேர்தான். ஒம்பது பேர் அடுத்த மாசமே என் வண்டியைத்தான் வாடகைக்குக் கேட்டாங்க."

"பத்தாவது ஆள்?"

"அவரைத்தான் ஸ்புரூஸ்லேர்ந்து இறக்கினேன்."

ஹாலியா இந்தத் தடவை குளியலறைக்குப் போகவில்லை. எங்கள் முன்னாலேயே சிரித்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று பூட்ஸ் கயிற்றை ரொம்ப நேரம் கட்டினான்.

"நாளைக்கு ரெண்டு எல்ம் மரம் கழிக்கணும். சந்துக்குள்ள இருக்கு, கூடை போகாது. வர்றியா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

"சரி, யோசி."

கதவைச் சாத்தியதும் ஹாலியா பிடித்துக்கொண்டாள். "எதுக்கு இந்தப் பிகு? வர்றேன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

வாய் வலிக்கவில்லை. வேறொன்று இருந்தது, அதை அவனிடமும் சொல்லவில்லை, இவளிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் என் கயிறு, இடுப்புக் கச்சை, ஆணி பூட்ஸ் எல்லாவற்றையும் அவன் வண்டியில்தான் போட்டேன். மறந்து போய் அல்ல; அடுத்த மரத்துக்கும் அவனோடுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.